வரிசையில் நிற்பவளின் கண்கள்

ஜனவரி 7, திங்கள்

காலை பிரஷர் 150/96. தினமும் இதை ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. “கோபம் வந்தா அதையும் எழுதுங்க, எதனாலன்னு தெரிஞ்சுக்கலாம்” என்றார். அப்படியானால் ஒரு நோட்டு போதாது.

இன்றைய கோபத்தின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். டில்லியில் ஓவியப் பாதுகாப்பு படித்தவராம். மூன்று மாத ஒப்பந்தத்தில் எங்கள் கலைக்கூடத்துப் படங்களையெல்லாம் பரிசோதிக்க வந்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, “நீங்கதான் இங்க பழைய ஆளாமே அண்ணாச்சி?” என்றார். கோயமுத்தூரில் மளிகைக் கடைக்காரரைத்தான் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். நான் முப்பத்தொரு வருடமாக இந்த மில் முதலாளி டிரஸ்டின் கலைக்கூடத்தில் ஓவியர். மார்ச் கடைசியில் ஓய்வு. அதுவரைகூட நிம்மதியாக விடமாட்டார்கள் போலிருக்கிறது.

ஜனவரி 9, புதன்

148/94. எதிர்பார்த்தபடி அந்தம்மா நேராக ருமேனியாக்காரியிடம் போய் நின்றுவிட்டார்.

ருமேனியாக்காரி என்று நாங்கள் சொல்வது மாடியில் தனிச் சுவரில் தொங்கும் படத்தை. வரைந்தவன் யோன் வ்ராபியே. வருடம் 1947. ‘வரிசையில் நிற்பவள்’ என்று பெயர். சண்டை முடிந்து, மழையும் பொய்த்து, அந்த நாட்டில் ரொட்டிக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற காலமாம். ஒரு பெண்ணின் முகம், கழுத்து, தலையில் கட்டிய துணி. அவ்வளவுதான். கன்னத்தில் பச்சையை அப்பியிருக்கிறான். வாயைக் கறுப்பில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டிருக்கிறான். தூரிகை வைத்தானா கரண்டி வைத்தானா என்று தெரியாது. நான் தொழில் கற்ற சினிமா பேனர் கடையில் இப்படி ஒரு முகத்தை வரைந்திருந்தால் வாத்தியார் கையை உடைத்திருப்பார். பெரிய முதலாளி ஐரோப்பாவுக்கு மிஷின் வாங்கப் போனபோது இதையும் வாங்கி வந்தார். உணர்வை அப்படியே கொட்டுகிற பாணியாம். கொட்டினால் துடைக்க வேண்டாமா?

ஆனால் இந்தக் கூடத்துக்கு வருகிறவர்கள் இந்தப் படத்தைத்தான் பார்க்க வருகிறார்கள். அதற்குக் காரணம் கண்கள். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண்கள் கூடவே வரும். காலேஜ் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று கவிதை எழுதுகிறார்கள். பேராசிரியர் ஞானவடிவேல் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். “போருக்குப் பிந்தைய ஐரோப்பிய மனிதனின் குற்றமனம் இவ்விரு கண்களில் உறைந்திருக்கிறது” என்பது அதில் ஒரு வரி. அந்தப் பத்திரிகை என் மேஜையில் இருக்கிறது.

அந்தக் கண்களை வரைந்தது நான். வ்ராபியே இல்லை.

ஜனவரி 10, வியாழன்

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்? வீட்டுக்காரி தெய்வானை மளிகைச் சீட்டைத் தவிர என் கையெழுத்தில் எதையும் படிப்பதில்லை.

நடந்தது இதுதான். 1991இல் முதலாளியின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, பங்களாவில் கிடந்த படங்களையெல்லாம் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்போதிருந்த காப்பாளர் ஒரு சீட்டு எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். “ருமேனியப் படத்தைத் துடைத்து, குறைகளைச் சரிசெய்து மாட்டவும்.” நான் படத்தைத் திருப்பினேன். முகத்தில் கண்கள் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி எடுத்தது போல வெறும் துணி தெரிந்தது. அதன் மேல் பழைய வார்னிஷ்.

நான் பேனர் கடையில் வளர்ந்தவன். பதினாலு வயதிலிருந்து முப்பதடி நாயகர்களுக்குக் கட்டம் போட்டவன். அங்கே ஒரு முறை உண்டு. கண் கடைசியில்தான் வைக்க வேண்டும். சூடம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, வாத்தியார் கண் திறப்பார். முகத்தைத் தொடங்கிவிட்டால் கண் திறக்காமல் யாரும் கடையை விட்டு இறங்கக்கூடாது. கண்ணில்லாத முகத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனால் வரைந்தவன் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ஆகவே காப்பாளர் சொன்ன குறை எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பவுடர் கலரை ஆளி விதை எண்ணெயில் குழைத்தேன். ஒரு பகலில் முடித்தேன். மறுநாள் காப்பாளர் வந்து பார்த்துவிட்டு, “தொடச்சதும் கண்ணு நல்லா எடுப்பா தெரியுது மாரப்பா” என்றார். அந்த மனிதர் அந்தப் படத்தை அதற்கு முன் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருடம் வேறு சில விஷயங்களும் நடந்தன. அவற்றை இங்கே எழுத அவசியமில்லை.

ஜனவரி 18, வெள்ளி

160/100. பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் அந்தம்மா ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொன்னார். புறஊதாக் கதிர் விளக்கை எடுத்துப் படத்தின் மேல் அடித்தார். முகம் முழுக்க மங்கலாகப் பச்சை பூத்தது. பழைய வார்னிஷ் அப்படித்தான் ஒளிருமாம். கண் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு கரிக்குழிகள்.

“பாத்தீங்களா அண்ணாச்சி? வார்னிஷுக்கு மேல வேற யாரோ கை வச்சிருக்காங்க.”

“லைட்டு கோளாறா இருக்கும்ங்க” என்றேன்.

சிரித்தார். அவருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

ஜனவரி 19, சனி

மாடி அறைச் சாவியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அந்தம்மா இரண்டு மணி நேரம் வெளியே நின்றாராம். மறதிதான். வயதாகிறதல்லவா.

ஜனவரி 24, வியாழன்

பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு வாரம் உட்கார்ந்திருந்தவர் இன்று என் மேஜைக்கு வந்தார்.

“இது டியூப் பெயிண்ட் இல்ல. பவுடர் கலர். வரைஞ்சவரு பெரிய பெரிய படம் வரைஞ்சு பழகுனவரு. கிட்ட நின்னு பாத்தா வெறும் அஞ்சாறு இழுப்பு. பத்தடி தள்ளி நின்னாதான் கண்ணு. தொண்ணூறு வாக்குல இங்க யாரு இருந்தா அண்ணாச்சி?”

பாலக்காட்டிலிருந்து ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார், பெயர் மறந்துவிட்டது, இறந்துபோனார் என்று சொன்னேன். ஒரே மூச்சில் ஒரு ஆளைப் பிறப்பித்து, வேலை கொடுத்து, சாகவும் வைத்தேன்.

என் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “பாவம்” என்று சொல்லிவிட்டுப் போனார். பாலக்காட்டுக்காரரைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. யாரைச் சொல்லியிருந்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

பிப்ரவரி 4, திங்கள்

162/100. ருமேனியாவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வ்ராபியேயின் தங்கை மகள் ஒருத்தி உயிரோடு இருக்கிறாளாம். இந்தம்மா அவளைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார். 1948இல் எடுத்த ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறாள். அதே படம். கண் இல்லை. கடிதத்தில் மூன்றே வரி: மாமா கண்ணை வரைந்தார். பிறகு அவரே கத்தியால் சுரண்டிவிட்டார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

வரைந்ததைச் சுரண்டினானாம்! வேலையைக் கெடுத்துவிட்டு அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறான். இவனைத்தான் உலகம் கொண்டாட வேண்டுமாம்.

“நடுவுல வார்னிஷ் இருக்கதால கீழ உள்ளது கெடாம மேல உள்ளத மட்டும் எடுத்துரலாம்” என்று டிரஸ்ட் செயலர் வெங்கிடபதியிடம் அந்தம்மா விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் கண்களை எடுத்துவிடப் போகிறாராம். நான் டீ டம்ளரோடு பக்கத்திலேயே நின்றேன். ஒரு மனிதனின் இருபத்தெட்டு வருடப் பெயரை எடுக்கப்போவதைப் பற்றி இப்படியா சர்வசாதாரணமாகப் பேசுவார்கள்? பெயர் என்று எனக்கு ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 6, புதன்

பேராசிரியர் ஞானவடிவேல் வீட்டுக்குப் போனேன். தன் கட்டுரை பொய்யாகிவிடும் என்றதும் மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஏனுங் மாரப்பன், நான் இருவது வருசமா க்ளாஸ்ல பாடம் எடுத்த கண்ணுங்க அது! அந்தம்மா யாரு அத அழிக்கிறதுக்கு?”

“அதானுங்க” என்றேன். மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 18, திங்கள்

வென்றுவிட்டேன். பேராசிரியர் புண்ணியத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அரைப் பக்கம். “ருமேனிய மேதையின் கண்களைக் காப்போம்” என்று தலைப்பு. கீழே அந்தக் கண்கள் மட்டும் பெரிதாக. காலேஜ் பிள்ளைகள் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். செயலர் பயந்துபோய் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

140/90. இவ்வளவு குறைந்து பல வருடம் ஆகிறது.

சாயங்காலம் அந்தத் தலைப்பை இன்னொரு முறை படித்தேன். ருமேனிய மேதையாம்.

பிப்ரவரி 19, செவ்வாய்

இன்று அந்தம்மா சிரிக்கவில்லை. என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பேப்பர்ல வரவச்சது யாருன்னு எனக்குத் தெரியும். கண்ண யாரு வரைஞ்சான்னும் தெரியும். மேல சொல்ல மாட்டேன். வேல நின்னுட்டதால மாசக் கடைசியில போயிருவேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி. நல்ல கை. பொய் சொல்லல, நெசமாவே நல்ல கண்ணு. ஆனா அந்த மூஞ்சிக்கு அது ஒட்டல. அவ பசியில நிக்கா. அந்தக் கண்ணு பசிச்ச கண்ணு இல்ல. எதையோ பண்ணிட்டு வந்து நிக்குத கண்ணு.”

“உங்களுக்கு என்னங்க தெரியும்?” என்று கத்திவிட்டேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான்.

அது ஒரு தாயின் கண். நான் பார்த்த கண். பார்த்ததைத்தான் வரைந்தேன். இவருக்கு விளக்கு அடிக்கத் தெரியும், பஞ்சு சுற்றத் தெரியும். வேறென்ன தெரியும்?

பிப்ரவரி 23, சனி

பழைய பேப்பர்க்காரனுக்குப் போடக் கட்டிவைத்த கட்டிலிருந்து தெய்வானை அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளை உருவி எடுத்திருக்கிறாள். காய் நறுக்க விரித்தவள் நறுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“இது உங்க ஆபீஸ்ல இருக்கறதுங்களா?”

“ஆமா.”

“நான் வந்து பாக்கோணும்.”

இத்தனை வருடத்தில் அவள் கலைக்கூடத்து வாசப்படியை மிதித்ததில்லை. நூற்றாண்டு விழா நடந்த இடம் என்றாலே அந்தத் தெருப் பக்கம் போகமாட்டாள். வேண்டாம், மாடி ஏறினால் உனக்கு மூட்டு வலிக்கும் என்றேன்.

“செவ்வாக்கெழம வர்றேன்” என்றாள்.

பிப்ரவரி 26, செவ்வாய்

வந்தாள். பதினோரு மணி. நல்ல புடவை கட்டியிருந்தாள். மாடியில் ஜெசிந்தா தன் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தெய்வானை அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

நான் எதிர்பார்த்தது வேறு. இத்தனை காலம் ஒளித்துவைத்ததை இன்று அவள் கண்டுபிடித்துவிடுவாள், தன் கண்ணைத் தானே சுவரில் பார்ப்பாள், என்னைத் திட்டுவாள் அல்லது அழுவாள் என்று நினைத்தேன். நான் வரைந்தது அவளை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை. அதை எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், இதோ எழுதிவிட்டேன்.

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினாள்.

“உங்க கண்ண எதுக்குங்க இந்தப் பொம்பளைக்கு வெச்சீங்க?”

“என் கண்ணா? நல்லாப் பாரு. அது உன்னுதுடி.”

“என்னுதில்லீங்க. நான் அன்னைக்கு உங்களப் பாக்கவே இல்ல. புள்ளயத்தான் பாத்துட்டிருந்தேன். நீங்கதான் கையெல்லாம் பெயிண்டோட வந்து வாசப்படியில நின்னுட்டு இப்படிப் பாத்தீங்க.” படத்தைக் கையால் காட்டினாள். “காத்தால ரெண்டு தடவ ஆள் வுட்டேன். விழாவுக்கு வரையற மொதலாளி மூஞ்சிக்குக் கண்ணு வெச்சுட்டு வர்றேன்னு சொல்லியுட்டீங்க. கண்ணு வெக்காம எறங்கக்கூடாதுன்னீங்களாமா.”

ஜெசிந்தா கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

“இந்தப் பார்வையத்தான் நான் இருவத்தெட்டு வருசமா வூட்டுல பாத்துட்டிருக்கறேன். இங்க வந்து வேற பாக்கோணுமா? எடுத்துரச் சொல்லுங்க.”

தனியாகவே பஸ் ஏறிப் போனாள்.

பிப்ரவரி 27, புதன்

எழுத ஒன்றும் இல்லை. பிரஷர் பார்க்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

செயலரிடம் போய், கண்ணை வரைந்தது நான்தான் என்று சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பேராசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். பேப்பரைக் காட்டினார். மேஜை மேல் கிடந்த கவரை எடுத்து அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஆறு கோடு இழுத்தேன். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“ஓய்வுக்கு ஒரு மாசம் இருக்கறப்ப இதென்ன மாரப்பா வம்பு? விசாரணை அது இதுன்னு வெச்சா உன்ர பேர் கெட்டுப்போயிருமில்ல?”

“எங்கீங்க பேரு இருக்குது கெட்டுப்போறதுக்கு?”

பேராசிரியருக்கும் போன் செய்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் வைத்துவிட்டார். இத்தனைக்கும் அவர் கட்டுரையில் குற்றமனம் என்று எழுதியிருந்தது சரிதான். ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். அதை அவரிடம் சொல்லலாம் என்று இருந்தேன்.

கடைசியில் கண்ணை எடுக்கச் செயலர் சம்மதித்தார். ஜெசிந்தா கட்டிய பெட்டிகளை அவிழ்த்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மார்ச் 11, திங்கள்

கண்ணை எடுப்பதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். முன்பு கைவைத்தவர் யார், எப்போது, எதை வைத்து, எதற்காக. படம் இருக்கும்வரை அந்தத் தாள் படத்தோடு இருக்கும். இனி எவன் இந்தப் படத்தைத் திறந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் திறப்பான். ஜெசிந்தா கேட்டுக் கேட்டு எழுதினார்.

“பேரு?”

“கே. மாரப்பன்.”

“பொருள்?”

“பவுடர் கலர். ஆளி விதை எண்ணெய். நாலாம் நம்பர் பிரஷ்.”

“தேதி?”

“1991, செப்டம்பர் 12.”

“காரணம்?”

“குறையைச் சரிசெய்தல்னு போட்டுக்குங்க.”

எழுதினார். அடுத்த கேள்விக்குப் போகவில்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்தப் பொறுமைதான் இந்தம்மாவிடம் எனக்குப் பிடிக்காதது.

“அத அடிச்சிருங்க” என்றேன். “நானே எழுதறேன்.”

தாளை என் பக்கம் திருப்பினார். எழுதினேன்: ‘1991 ஆகஸ்ட் 21 அன்று என் மகள் பூங்கொடி மூளைக்காய்ச்சலில் இறந்தாள். வயது ஆறு. அப்போது நான் ஆஸ்பத்திரியில் இல்லை. முதலாளியின் படத்துக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து இந்த முகம் கண்ணில்லாமல் என் மேஜைக்கு வந்தது. அதை அப்படியே விட என்னால் முடியவில்லை.’

ஜெசிந்தா படித்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். போட்டேன். மகளின் பெயரை எழுதி எத்தனை வருடமாகிறது என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 13, புதன்

காலையில் தொடங்கி மூன்றரை மணிக்கு முடிந்தது. பஞ்சு சுற்றிய மூங்கில் குச்சியை மருந்தில் தொட்டு, கடுகளவு இடத்தில் உருட்டி எடுக்க வேண்டும். பஞ்சு பழுப்பாகும். வேறு பஞ்சு. என்னையும் ஒரு குச்சி பிடிக்கச் சொன்னார். முடியாது என்றேன். ஆனால் முடியும்வரை பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

கண் போனதும் படத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். கத்தித் தடங்கள் வெளியே வந்திருந்தன. ஏனோதானோவென்று சுரண்டியதில்லை அது. இரண்டு பக்கமும் ஒரே அளவில், இமை ஓரத்தை விட்டுவிட்டு, உள்ளே மட்டும். அந்த ருமேனியாக்காரனை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. வாயைச் சரியாக வரையத் தெரியாதவன்தான். இருந்தாலும், எதை வரைந்து எதைச் சுரண்டினான், வீட்டில் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று அவனிடமே கேட்க வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தெய்வானையிடம் எடுத்தாயிற்று என்றேன். தலையாட்டினாள். படிவத்தில் என்ன எழுதிக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திக் கேட்டாள். முழுக்கக் கேட்டு முடித்தபின் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஆறு இல்லீங்க. ஆறு வயசும் நாலு மாசமும்.”

நாளை காலையில் முதல் வேலையாகப் போய் அதைத் திருத்த வேண்டும்.